நாய்க்குட்டிக்கு எதிராக ஒரு வேலைநிறுத்தம்

ஆடிக்குப் பிறந்த வீடு போய்விட்டு ஆவணியில் திரும்புகிற புதுப்பெண் கையில் என்ன கொண்டுவருகிறாள் என்று பார்ப்பதற்கு எங்கள் தெருவில் எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். நான் கொண்டுவந்தது ஒரு ஒயர் கூடை. மேலே மூடியிருந்த துண்டை என் மாமியார் ஆவலோடு விலக்கினார். உள்ளேயிருந்து ஒரு நாய்க்குட்டி தலையை நீட்டி அவருடைய ஆள்காட்டி விரலைக் கவ்விக்கொண்டது.

"உங்கம்மா முறுக்கு சுட்டுக் குடுக்கலையா?" என்றார் மாமியார், விரலை விடுவித்துக்கொண்டே.

முறுக்கு இருந்தது. திருத்துறைப்பூண்டியில் பஸ் ஏறும்போது நிறையவே இருந்தது. கண்டக்டர் கூடையில் என்ன என்று கேட்டபோது முறுக்கு என்று நான் சொன்னது முழுப் பொய்யில்லை. மன்னார்குடி வந்து சேர்வதற்குள் குட்டி பாதியைத் தின்றுவிட்டு மீதியின் மேல் படுத்துத் தூங்கிவிட்டது.

நான் வாழ்க்கைப்பட்ட ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே, கோரையாற்றை ஒட்டி இருந்தது. வீட்டில் மாமனார், மாமியார், நான். என் கணவருக்கு மன்னார்குடியில் அரிசி மில்லில் வேலை. சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை விடிவதற்குள் போய்விடுவார். அதனால் அவரை இங்கே அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். நானும் அந்த நாட்களில் அதிகம் எதிர்பார்த்ததில்லை.

மாமனார் ஊர் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவர். கூட்டங்களில் அவருக்கு மைக் தேவைப்படாது. கருங்காலிகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அதாவது எல்லோரும் வேலையை நிறுத்தியிருக்கும்போது பின்வாசல் வழியாக வேலைக்குப் போகிறவர்களைப் பற்றி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் குளித்துக்கொண்டிருப்பவனுக்குக்கூட உறைக்கும். அந்தப் பேச்சை இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

குட்டியைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதற்குக் காரணம் இருந்தது. முந்தின வருஷம்தான் நாங்கள் குடியிருந்த மனை எங்கள் பெயருக்கு வந்திருந்தது. அதுவரை அது மிராசுதாருடைய இடம். அவர் நினைத்தால் எங்கள் சட்டி பானையைத் தூக்கித் தெருவில் வைக்கலாம், வைத்தும் இருக்கிறார். ஆட்சி மாறி, சட்டம் வந்து, தாசில்தார் கையெழுத்துப் போட்ட பட்டா கைக்கு வந்தது. அதை மாமனார் தகரப் பெட்டியில் மாமியாரின் கூறைப்புடவைக்கு அடியில் வைத்திருந்தார். பெரிய மழை பெய்தால் கூரை ஒழுகுகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் பெட்டியைத் திறந்து பார்ப்பார். மனையைச் சுற்றிக் கிளுவை வேலி போட்டு, வாசலுக்கு மூங்கில் படல் ஒன்று கட்டியிருந்தார்.

"வேலி ஆச்சு, படல் ஆச்சு. நாய்தான் பாக்கி இருந்துச்சு ஆயி. அதை நீ கொண்டாந்துட்ட" என்றார் என்னிடம். கட்டின பெண்டாட்டி கொண்டுவராத சீர் மருமகள் கொண்டுவந்தாள் என்று தெருவுக்கும் சொன்னார். மாமியார் விரலைச் சூப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

குட்டி கோபத்தில் கடித்ததே கிடையாது. எல்லாம் விளையாட்டுத்தான். ஆனால் விளையாட்டு என்றால் அதற்குக் கடிப்பது ஒன்றுதான் தெரியும். பல் ஒவ்வொன்றும் நெல்லின் மூக்கு மாதிரி கூர். நடந்தால் குதிகால், உட்கார்ந்தால் முந்தானை, மாவு பிசைந்தால் மணிக்கட்டு. பக்கத்து வீட்டு அக்கா எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தால் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டு கோழி அடைகாப்பதுபோல் உட்காருவார். அப்படியும் ஒரு கட்டைவிரல் வெளியே தெரிந்துவிடும்.

புரட்டாசி பிறந்ததும் மாமியார் தீர்ப்பு சொல்லிவிட்டார். அவருடைய மகள், என் நாத்தனார், தலைப்பிரசவம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து ஐப்பசியில் எங்கள் வீட்டுக்கு வருகிறாள்.

"புள்ளத்தாச்சி வர்ற வூட்டுல கடிக்கிற நாய் ஆவாது. அவ வந்து எறங்குற அன்னிக்கு இது அவ மேல பல்லு வச்சிச்சுன்னா, அன்னிக்கே சாக்குல போட்டுக் கோரையாத்துக்கு அக்கரை. சொல்லிட்டேன்."

அக்கரை என்றால் என்னவென்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். வேண்டாத நாயைச் சாக்கில் கட்டி, அது வழி பார்க்காதபடி ஆற்றைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். தண்ணீரைத் தாண்டினால் மோப்பம் அற்றுப்போகும், திரும்பி வராது என்று நம்பிக்கை. அக்கரையில் அப்படி விடப்பட்ட நாய்களை நான் பார்த்திருக்கிறேன். கரையிலேயே உட்கார்ந்து இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். பிறந்த வீட்டிலிருந்து என்னோடு வந்த ஒரே ஜீவன் அது. அதை அனுப்ப எனக்கு மனமில்லை. மாமியாரைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை, அவர் பயம் நியாயமான பயம்.

அன்றிலிருந்து வைத்தியம் ஆரம்பித்தது. கையில் வேப்பெண்ணெய் தடவிக்கொள்ளச் சொன்னார் பக்கத்து வீட்டு அக்கா. தடவினேன். குட்டி முகத்தைச் சுளித்தது, கொஞ்சம் யோசித்தது, பிறகு எண்ணெய் தடவாத முழங்கையைக் கடித்தது. மிளகாய் அரைத்துத் தடவிப் பார்த்தேன். அதைக் குட்டி தொடவே இல்லை, நல்ல புத்தி அதற்கு. நான்தான் மறந்துபோய் அந்தக் கையாலேயே கண்ணைக் கசக்கிக்கொண்டு அரை நாள் கிணற்றடியில் கிடந்தேன். மாமியார் துடைப்பத்தால் ஒன்று வைத்தார். குட்டிக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை. துடைப்பத்தின் ஒரு முனை அவர் கையிலும் மறுமுனை அதன் வாயிலுமாக வாசலைச் சுற்றி மூன்று சுற்று வந்தார்கள். அன்று பெருக்க வேண்டிய வேலையே இருக்கவில்லை.

இதற்கு நடுவில் நடவு வந்தது, நடவோடு கூலிப் பேச்சும் வந்தது. சங்கம் அரை மரக்கால் நெல் கூடுதலாகக் கேட்டது. மிராசுதார் முடியாது என்றார். நடவு பெண்கள் வேலை, ஆகவே நிறுத்த வேண்டியதும் நாங்கள்தான். எங்கள் ஊரில் அதற்கு ஒரு முறை உண்டு. ஏசக் கூடாது, சாபம் விடக் கூடாது, நாற்றை மிதிக்கக் கூடாது. கையிலிருக்கிற நாற்று முடியைக் கீழே வைத்துவிட்டு வரப்பில் ஏறி, கையைக் கட்டிக்கொண்டு, வயலுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். மிராசுதார் வீட்டுக் காரியங்களைப் பார்க்கும் காரியக்காரர் வந்து கத்துவார், கெஞ்சுவார், யார் வீட்டிலோ காய்ச்சல் என்று பொய் சொல்லுவார். திரும்பவே கூடாது. ஒருத்தி திரும்பி வயலில் இறங்கிவிட்டால் அத்தனை பேர் நின்றதும் வீண்.

நாலு நாள் நின்றோம். நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டே போனது. முற்றின நாற்றை நட்டு என்ன பயன்? ஐந்தாம் நாள் காலையில் காரியக்காரர் வந்து, எங்கள் முதுகைப் பார்த்து, அரை மரக்காலுக்கு ஒப்புக்கொண்டார்.

அன்று முழுக்க நட்டுவிட்டுச் சாயங்காலம் இடுப்பு ஒடிய வீட்டுக்கு வந்தேன். படலைத் திறந்ததும் குட்டி பாய்ந்து வந்து சேற்றில் ஊறிய என் சுண்டுவிரலைக் கடித்தது. அடிக்கத் தெம்பில்லை, திட்டவும் தெம்பில்லை. "ஆவ்" என்று ஒரு கத்துக் கத்திவிட்டு, நாலு நாள் பழக்கத்தில் என் உடம்பு தானாகவே ஒன்று செய்தது. பக்கத்திலிருந்த உரலின் மேல் ஏறி, கையைக் கட்டிக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றுவிட்டேன்.

பின்னால் சத்தமே இல்லை. பிறகு ஒரு சின்னக் குலைப்பு. என்னைப் பார்த்தால் என்ன என்பது போல. நான் திரும்பவில்லை. உரலைச் சுற்றி என் முன்பக்கம் வந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் முனகியது. அப்புறம் உட்கார்ந்துவிட்டது. கீழே இறங்கினேன். அதே சுண்டுவிரலை நக்கிக் கொடுத்தது.

மிராசுதாருக்கு நாலு நாள் ஆனது. இதற்கு நாலு நிமிஷம் ஆனது.

என் பிறந்த வீட்டில் இதன் தாயும் உடன்பிறப்புகளும் விளையாடியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒன்று பலமாகக் கடித்தால் கடிபட்டது வீல் என்று கத்திவிட்டுத் தள்ளிப் போய்ப் படுத்துக்கொள்ளும். கடித்தது ஒற்றையாய் நின்று முழிக்கும். விளையாட ஆள் இல்லாமல் போவதுதான் நாய்க்குட்டிக்குப் பெரிய தண்டனை. நாய் ஜாதிக்கு வேலைநிறுத்தம் எங்களுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

மறுநாளே வீட்டில் சங்கம் கூட்டினேன். கடித்தால் யாராக இருந்தாலும் ஒரு கத்து, கைகட்டு, முதுகு. குட்டி அமைதியான பிறகுதான் விளையாட்டு. மாமியார் முதலில் சிரித்தார், பிறகு செய்து பார்த்தார், பிறகு என்னைவிடக் கண்டிப்பாகச் செய்தார். பக்கத்து வீட்டு அக்கா காலை நீட்டி உட்காரத் தொடங்கினார். மாமனாரும் தலையை ஆட்டினார். வேலைநிறுத்தம் என்ற வார்த்தையைக் கேட்டால் அவருக்குத் தலை தானாகவே ஆடும்.

நாத்தனார் கையில் முழங்கை வரை கண்ணாடி வளையல் இருக்கும், அது குலுங்கினால் குட்டி சும்மா இருக்காது என்று எனக்கு ஒரு பயம். அதனால் என் கல்யாண வளையலையெல்லாம் மாட்டிக்கொண்டு தினமும் குலுக்கிக் குலுக்கிப் பழக்கினேன். பார்த்தவர்கள் எனக்கும் ஏதோ விசேஷம் என்று நினைத்து மாமியாரிடம் விசாரித்தார்கள்.

ஆனால் ஒரு மர்மம் இருந்தது. சாயங்காலம் வரை குட்டி உத்தமமாக இருக்கும். மறுநாள் காலையில் பார்த்தால் பழையபடி கையைப் பிடித்துத் தொங்கும். முந்தின நாள் கற்றதெல்லாம் ராத்திரியில் யாரோ வழித்துத் துடைத்துவிட்டது போல இருக்கும். எங்களில் எவரோ கருங்காலி. முதலில் என் கணவரைச் சந்தேகப்பட்டேன், ஆனால் அவர் சனிக்கிழமை மட்டும் வருகிறவர். மாமியாரைச் சந்தேகப்பட்டேன், அதற்காக இன்றுவரை வெட்கம்.

நாத்தனார் வருவதற்கு எட்டு நாள் இருக்கும்போது விடியற்காலையில் மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் போனேன். வைக்கோல்போருக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கிற குரல் அன்று குசுகுசுவென்று பேசியது.

"புடி. வுடாத. இன்னும் நல்லா புடி. அப்புடித்தான் ராசா."

எட்டிப் பார்த்தேன். மாமனார் குந்தியிருந்தார். துண்டின் ஒரு முனையை அவர் இழுக்க, மறுமுனையைக் குட்டி இழுத்தது. துண்டு நழுவினால் தன் மணிக்கட்டையே கொடுத்தார். கை முழுக்கப் பல் தடம்.

"மாமா" என்றேன். "கருங்காலி நீங்கதானா?"

மனிதர் திடுக்கிட்டு எழுந்தார். முப்பது வருஷம் கூட்டம் போட்டுப் பேசிய வார்த்தை திரும்பி வந்து அவர் மேலேயே விழுந்துவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டார். குட்டி அதோடு சேர்ந்து தொங்கியது. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

"அத்தை சொன்னது மறந்துபோச்சா? இது கடிச்சா அக்கரைக்குப் போயிடும் மாமா."

அவர் வேட்டியைச் சற்றுத் தூக்கி இடது கெண்டைக்காலைக் காட்டினார். சதை பள்ளமாகி, தோல் பளபளவென்று இருந்தது. நான் அதைத் தினமும் பார்த்திருக்கிறேன், ஏதோ பழைய புண் ஆறிய தழும்பு என்று நினைத்திருந்தேன்.

"பண்ணையில மாடு மேய்ச்சப்ப, பெரிய வூட்டு நாய் புடுங்குனது. எனக்குப் பத்து வயசு. கையில கம்பு இருந்துச்சு ஆயி. ஓங்கக் கூடாது. அவுங்க நாய் மேல கம்பு ஓங்குனா எனக்கு அடி. அது கடிச்சு முடிக்கிற வரைக்கும் நின்னேன்." குட்டியைத் துண்டிலிருந்து பிரித்துக் கீழே விட்டார். "நம்ம மனைன்னு ஆயிருச்சு. நம்ம வாசல்லயும் பல்லோட ஒண்ணு நிக்கட்டுமே. ஒரு தடவையாவது பெரிய வூட்டு ஆளு பயந்து பயந்து காலை வைக்கட்டுமே."

எனக்கு அந்தப் பத்து வயதுப் பிள்ளைக்காகக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் எட்டு நாள்தான் இருந்தது.

"பல்லு இருக்கட்டும் மாமா. யாரு வேணாங்குறா? நாலு நாளு வரப்புல நின்னமே, நம்ம வூட்டுல அருவா இல்லாமயா இருந்துச்சு? அது எரவாணத்துல இருந்துச்சு. இருக்குதுன்னு காரியக்காரருக்கும் தெரியும். எடுத்தமா?"

மாமனார் கூரை விளிம்பைப் பார்த்தார், அருவாள் செருகியிருக்கிற அந்த எரவாணத்தை. வைக்கோலை அவரே பிடுங்கி என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ஐப்பசியில் நல்ல நாள் பார்த்து மாமியார் போய் மகளைக் கூட்டிவந்தார். பஸ் நிறுத்தத்திலிருந்து மாட்டுவண்டி. தெருப் பெண்கள் எல்லோரும் எங்கள் வாசலில் கூடியிருந்தார்கள். நான் கையில் ஆரத்தித் தட்டோடு நின்றேன். குட்டியை, இல்லை, அதற்குள் அது நாயாகிக்கொண்டிருந்தது, கொட்டகையில் கட்டியிருந்தேன். அது கயிற்றைக் கடித்தது எனக்குத் தெரியாது.

நாத்தனார் வண்டியிலிருந்து இறங்கக் கையை நீட்டினாள். இரண்டு கையிலுமாக நாலு டஜன் வளையல் ஒரே நேரத்தில் குலுங்கியது. வீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பாய்ச்சல். நான் தட்டோடு திரும்புவதற்குள் நாயின் வாயில் வளையல்களோடு சேர்ந்து அவள் மணிக்கட்டு இருந்தது.

"அப்பா" என்று அலறினாள் அவள். மாமியார் வண்டிக்காரரின் தார்க்குச்சியைப் பிடுங்கினார். எனக்குச் சாக்கும் கோரையாறும்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

"அடிக்காத" என்றார் மாமனார். மைக் தேவைப்படாத அந்தக் குரலில். "திரும்பு. எல்லாரும் திரும்புங்க."

சொல்லிவிட்டு அவரே முதலில் கையைக் கட்டிக்கொண்டு முதுகைக் காட்டினார். மாமியார் மகளைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், தார்க்குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பினார். பக்கத்து வீட்டு அக்கா திரும்பினார். தெருப் பெண்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள், புரட்டாசியில் வரப்பில் நின்ற அதே வரிசை. ஆரத்தித் தட்டோடு முதுகைக் காட்டுவது எவ்வளவு பெரிய அபசகுனம் என்று எனக்குத் தெரியும். நானும் திரும்பினேன். வண்டிக்காரர் மட்டும் ஒன்றும் புரியாமல் மாட்டைத் திருப்பலாமா என்று கேட்டார்.

"என்னா ஆச்சு எல்லாருக்கும்?" என்று பின்னாலிருந்து அழுகைக் குரல் வந்தது. "நாய் என்னைப் புடிச்சிருக்கு, நீங்க முதுவைக் காட்டுறீங்க?"

நான் மாமனாரின் கெண்டைக்காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அந்தத் தழும்புப் பக்கத்தில் ஒரு கறுத்த மூக்கு வந்தது. முகர்ந்தது. அவர் திரும்பவில்லை. வைக்கோல்போருக்குப் பின்னால் பிடி பிடி என்று சொன்ன மனிதர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது அதற்குத் தாங்கவில்லை போலிருக்கிறது. அவர் காலடியில் படுத்து வாலை மண்ணில் அடித்தது.

மாமியார் மகளின் கையைப் பிடித்து வளையல்களை ஒவ்வொன்றாக ஒதுக்கிப் பார்த்தார். ஒன்றும் உடையவில்லை. மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை.

"எச்சிதான்" என்றார் கடைசியில். "பல்லு படலை. நீ என்னா பாத்துக்கிட்டு நிக்கிற, ஆரத்தியைச் சுத்து."

நான் சுற்றின அவசரத்தில் தட்டிலிருந்த பாதி தண்ணீர் நாயின் மேல் சிந்தியது. அதற்கும் சேர்த்துச் சுற்றியதாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாத்தனாருக்குப் பெண் பிறந்தது. அடுத்த ஆடிப்பெருக்குக்கு அவள் வந்தபோது குழந்தைக்கு இரண்டு பல் முளைத்திருந்தது. அந்த இரண்டையும் எங்கே உபயோகிப்பது என்று தேடி, நாயின் காதைக் கண்டுபிடித்தது. நாய் வீல் என்று கத்திவிட்டு எழுந்துபோய்க் குழந்தைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது. குழந்தை அழுதுகொண்டே பின்னால் தவழ்ந்தது. நாய் திரும்பவே இல்லை.

அந்த வாரம்தான் காரியக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நடவுக்கு முன்னால் மாமனாரிடம் பேச வேண்டியிருந்தது. முன்பெல்லாம் ஆள் விட்டுப் பண்ணைக்குக் கூப்பிடுவார்கள். இப்போது அவரே வந்து படலில் கை வைத்தார். உள்ளே நாய் எழுந்து நின்று ஒரு குலைப்புக் குலைத்தது. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"நாய் கடிக்குமா?" என்று தெருவில் நின்றபடியே கேட்டார்.

மாமனார் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால், காரியக்காரர் கண்ணுக்கு எட்டாத இடத்தில், நாய் மறுபடியும் படுத்துவிட்டது. குழந்தை தன் கையை மணிக்கட்டுவரை அதன் வாய்க்குள் விட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தது. நாய் கண்ணை மூடி வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தது.

"கடிக்கும்" என்றார் மாமனார்.

காரியக்காரர் தலையை ஆட்டிவிட்டு, சொல்ல வந்ததை எல்லாம் படலுக்கு வெளியே வெயிலில் நின்றே சொல்லி முடித்தார்.